இறால் ஓட்டுப் பல்

போன மாதம் என் வலது பக்கத்துக் கோரைப்பல்லில் இருந்த அடைப்பு கழன்று விழுந்துவிட்டது. அப்போது தோசை தின்றுகொண்டிருந்தேன். கல் கடிபட்டது என்று நினைத்து மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு விரலில் எடுத்துப் பார்த்தால், குருணை அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு துண்டு. இடது பக்கத்து அடைப்பு அசையாமல் நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே நாற்காலியில், ஒரே ஆள்தான் போட்டது.

போட்டவள் என் அக்கா மகள். பல் மருத்துவம் முடித்துவிட்டு மேற்படிப்புக்காக ஆராய்ச்சி செய்கிறாள். அடைப்பு விழுந்ததற்காக ஒரு பல் மருத்துவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "வலதுதானே மாமா? கண்ணாடியில பார்த்துச் சொல்லுங்க, குழப்பிடாதீங்க லா" என்று கேட்டதையே கேட்டாள். ஆராய்ச்சி முடியும்வரை மூடி வைத்திருந்த விவரத்தைத் திறந்து பார்த்தபின் மறுபடியும் அழைத்தாள்.

"நிக்கிறதுதான் மாமா இறாலு" என்றாள்.

ஆக, என் வாயின் இடது பக்கத்தில் ஓர் இறால் குடியிருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியுமே. முகம் மழிக்கும்போது கண்ணாடியில் வாயைப் பார்க்காமல் மழிக்கப் பழகிக்கொண்டேன். என் வாயைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் சுத்தத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பெரிய சுத்தக்காரன். குருண் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே என் வாலிபம் போயிற்று. வீட்டிலும் அதே குணம். தட்டைக் கழுவி வைத்தால் முகர்ந்து பார்ப்பேன். பல் விளக்குவது ரம்பம் போடுவது மாதிரி இருக்கும். விரத காலத்தில் கேட்கவே வேண்டாம், எது சாப்பிட்டாலும் உடனே போய் விளக்குவேன். விளக்கி விளக்கி, ஈறு ஓரத்தில் இரண்டு கோரைப்பல்லிலும் ரப்பர் பால்மரத்தில் கத்தி போட்ட மாதிரி பள்ளம் விழுந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகும். அடைத்தால் நிற்காது.

நிற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் தோட்டத்துக் கோயிலில் நான் காவடி எடுக்கிறேன். ரப்பர்த் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாறி, வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்து, நாங்கள் எல்லாரும் குருணிலும் திகாம் பத்துவிலும் தாமான் குடியிருப்பு வீடுகளில் இருந்தாலும், திருவிழாவுக்கு அங்கேதான் கூடுகிறோம். கன்னத்தில் குத்துகிற வேல் வாய்க்குள் இரண்டு கோரைப்பல்லையும் உரசிக்கொண்டு போகும். அடைப்பு அன்றைக்கே போய்விடும். ஒரு முறை துண்டு தொண்டைக்குள் இறங்கி, வேல் குத்திய வாயோடு இருமவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நான் துள்ளியதைப் பார்த்து, அருள் முற்றிவிட்டது என்று பெண்கள் என் காலில் விழுந்தார்கள். நானும் திருநீறு பூசிவிட்டேன். வேறென்ன செய்ய?

காவடியும் பால்குடமும் எடுப்பவர்கள் ஒரு குழுவாக இருக்கிறோம். அவர்கள் ஒரு மண்டல விரதத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பது நான். யாரும் என்னை வைக்கவில்லை, நானே எடுத்துக்கொண்ட வேலை. முஸ்லிம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எந்தச் சட்டியில் பொரித்த எதைத் தின்றார்கள் என்பதெல்லாம் என் காதுக்கு வந்துவிடும். என்னைக் கண்டால் வாயைத் துடைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழுவில் திகாம் பத்துவிலிருந்து ஒரு தம்பி வருவான். வேலை கடலோரத்துத் தஞ்சோங் டாவாயில், தவுக்கே என்று கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கொட்டகையில். இறால் காயப்போடுவது, ஓடு உரிப்பது, மூட்டை கட்டுவது. அவனுடைய சின்ன மகளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. அது நின்றால் மூன்று ஆண்டு தொடர்ந்து பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டான். வலிப்பு நின்றது. இரண்டு ஆண்டு எடுத்தான். மூன்றாம் ஆண்டு, விரதம் தொடங்கிய வாரத்தில் பஜனைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். தாளம் போட அவன் கை அசையும்போதெல்லாம் இறால் வாடை அடித்தது.

பஜனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டேன். "நாள் முழுக்க அதுலயே கைய வச்சிட்டு இருக்க. அந்தக் கையால எப்படிப் பால்குடம் தூக்குவ?"

"நான் திங்கிறது இல்லையேண்ணே. வேலைதானே. தினம் எலுமிச்சங்காய் போட்டுத் தேய்க்கிறேன்."

"உற்சவம் முடியுற வரைக்கும் லீவு போடு."

"தவுக்கே தர மாட்டாருண்ணே, சீசன் நேரம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "வேணும்னா கிளவுஸ் போட்டுக்கிட்டுச் செய்றேன்."

அங்கேதான் என் தொழில் திமிர் வந்தது. "கிளவுஸ பத்தி எங்கிட்டயே சொல்றியா? கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எல்லாத்துலயும் இருக்கும். போறது போயிட்டுத்தான் இருக்கும்" என்றேன். சிலர் சிரித்தார்கள். அவன் கையைப் பார்த்துக்கொண்டான். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன், அந்த ஆண்டு வரவில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. குழு சுத்தமாக இருந்தது.

அடுத்த ஆண்டு விரதம் தொடங்கிய சமயத்தில்தான் அக்கா மகள் வந்து என் வாயைத் திறக்கச் சொன்னாள். அவளுடைய ஆராய்ச்சிக்கு, ஈறு ஓரத்தில் பள்ளம் விழுந்த பல் ஒரே வாயில் இரண்டு வேண்டுமாம். "சூப்பர் பள்ளம் மாமா, ரெண்டு பக்கமும் ஒரே அளவு" என்று மெச்சினாள். சந்தைக்குப் போன மாடு மாதிரி நானும் பெருமையாகப் பல்லைக் காட்டினேன்.

அடைப்பு ஏன் கழன்று விழுகிறது என்று அவள் விளக்கியது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பல்லின் உட்புறத்தில் வலை மாதிரி மெல்லிய நார்கள் இருக்கின்றன. அமிலம் வைத்துக் கழுவினால் அந்த நார்கள் வெளியே தெரியும். பசை அவற்றுக்குள் ஊறி இறுகினால்தான் அடைப்பு நிற்கும். பசை அடிவரைக்கும் முழுதாக இறங்குவதில்லை. அது எட்டாத இடத்தில் ஈரம் தங்கி, நார் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகிறது. மேலே எவ்வளவு நல்ல சிமெண்டு பூசினாலும் பிடிமானம் அடியிலேயே போய்விடுகிறது. "அதுக்குத்தான் மாமா நானோ துகள். அந்த நாரைவிடப் பொடிசு. உள்ள போய் உட்கார்ந்து நாரைக் கெட்டியாக்கும், அரிக்க விடாது" என்றாள்.

அவளுடைய கல்லூரி மருத்துவமனையில் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது என் கைப்பேசி ஓயவில்லை. காவடிக்கு மயிலிறகு, பந்தல், யாரோ முட்டை போட்ட கேக் தின்றதாகப் புகார். அவள் பக்கத்தில் நின்று மருந்தைப் பற்றி வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "ஒத்துக்காத சாப்பாடு ஏதாச்சும் இருக்கா மாமா, முக்கியமா..." என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. "எனக்கு எல்லாம் ஒத்துக்கும், நீ போடு" என்றேன். மறுமுனையில் இருந்தவனிடம் கேக் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு வாயைத் திறந்தேன்.

நீல நிறத்தில் அமிலத்தை வைத்தாள், கழுவினாள், பஞ்சால் ஒற்றினாள். முழுக்கக் காயவிடக்கூடாதாம், நார் படுத்துவிடுமாம். இரண்டு சிறிய சீசாக்கள் இருந்தன. ஒன்றில் வட்டம், ஒன்றில் சதுரம். ஒன்றில்தான் துகள், மற்றதில் வெறும் நீர். எது எது என்று அவளுக்கே தெரியாது, தெரிந்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்றாள். ஒரு பல்லுக்கு வட்டம், ஒரு பல்லுக்குச் சதுரம். பிறகு பசை, ஊதல், நீல விளக்கு. அன்றைக்கே குளிர்ந்த தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். கூசவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பல்லைச் சோதிக்க அவள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி சும்மா இருக்காமல், அந்தத் துகளை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டாள்.

"இறால் ஓட்டுலருந்து அத்தை. நண்டு ஓட்டுலருந்தும் எடுக்கலாம். எங்களுக்குத் தஞ்சோங் டாவாய் பக்கத்துலருந்துதான் மூட்டையா வருது."

நான் நாக்கைப் பல்லில் படாமல் உள்ளே இழுத்துக்கொண்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே மாமா. ரெண்டு தடவ சொன்னேன். நீங்க தலையாட்டுனீங்க." அவள் முகம் வாடிவிட்டது. "விரதம்னு தெரியும், அதான் திரும்பவும் சொன்னேன். நீங்க போடுன்னு சொன்னதால, பரவாயில்லன்னு நினைச்சேன். வேணாம்னா சொல்லுங்க, எடுத்துடலாம். உங்க பல்லு."

"எதுல இருக்கு?"

"தெரியாது மாமா."

எடுக்க வேண்டுமென்றால் இரண்டையும் சுரண்ட வேண்டும். அவள் ஆராய்ச்சியில் ஓர் ஆள் குறைவான். ஆனால் நான் யோசித்தது அதையல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த தண்ணீரை நினைத்தேன். எத்தனையோ ஆண்டுக்குப் பிறகு கூசாமல் இருக்கிற பல்லை விட எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

அந்த வார பஜனைக்குப் பிறகு எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். இந்த ஆண்டு நான் காவடி எடுக்கவில்லை என்று சொல்வதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். என்னைத் திட்டுவார்கள், நானும் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன் என்று பெரிய நாடகம் ஒன்று மனதில் ஓடியிருந்தது.

குழுவில் மூத்தவர், லாரி ஓட்டியவர், காதைக் குடைந்துகொண்டே சொன்னார். "ஏம்ப்பா, மருந்துக்குப் போயி விரதம் பாக்கலாமா? நானுந்தான் தினம் மாத்திரை முழுங்குறேன். அந்த கேப்சூல் கூட்டுல என்னா இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"எவ்ளோ இருக்கும்ணே? கண்ணுக்கே தெரியாதுல? அப்பறம் என்னா, கணக்கே இல்ல லா" என்றான் இன்னொருவன்.

கேக் தின்று என்னிடம் அகப்பட்டவன், "அண்ணன் இந்த வருஷம் இறால் காவடி" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாரம் இறங்கிய சிரிப்பு. அவர்கள் எழுந்து சுண்டலை எடுத்துக்கொண்டு கிளம்பியபிறகுதான், கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இதே இடத்தில் ஓர் ஆளுக்கு நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அவனுக்குக் கையில் பட்டது, எனக்கு வாயிலேயே இருக்கிறது. அவனை யாரும் நினைக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்கள்தான் இன்றைக்கும் சிரித்தார்கள். என்னை ஒருவராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டார்களே என்பதுதான் உடம்பெல்லாம் கூனிக்குறுக வைத்தது. கையிலிருந்த சுண்டலைத் தின்ன முடியவில்லை.

மறுநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மெர்போக் வழியாகத் தஞ்சோங் டாவாய்க்குப் போனேன். கொட்டகைக்கு வெளியே வலை விரித்து இறாலைக் காயப்போட்டிருந்தார்கள். அவன் வெயிலில் நின்று கிளறிக்கொண்டிருந்தான். ஓரத்தில் ஓடுகள் மூட்டை மூட்டையாக இருந்தன. என்னைப் பார்த்ததும் கிளறுகிற கட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்னண்ணே, இவ்ளோ தூரம்?"

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான், இல்லாவிட்டால் நல்லா வேணும் என்று நினைப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் வாயை உற்றுப் பார்த்தான்.

"பல்லு வலி நின்னிருச்சாண்ணே?"

"நின்னிருச்சு."

"அப்ப நல்லதுதானே."

"பங்குனிக்கு வந்துடு தம்பி" என்றேன்.

"மூணாவது வருஷம் விட்டுப்போச்சுல்லண்ணே. முதல்லருந்து தொடங்கணும்னு வீட்டுல சொல்றாங்க."

"அதெல்லாம் வேணாம். இதையே மூணாவதா வச்சுக்க."

"அத நீங்களும் நானும் எப்படிண்ணே சொல்றது? புள்ளைக்குன்னு வேண்டிக்கிட்டது." குரலில் கோபமே இல்லை. கையைப் பின்னாலிருந்து எடுக்கவும் இல்லை.

மன்னிச்சிரு என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன். அந்த ஒரு சொல் வரவில்லை. வயதில் சின்னவன், அங்கே இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் பழகியதெல்லாம் பிறர் தலைகுனிவதைப் பார்த்துத்தான். "வெயில் கடுமையா இருக்கே" என்றேன். "காயறதுக்கு நல்லதுண்ணே" என்றான். மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் திருவிழாவுக்கு வந்தான். மனைவியும் மகளும் கூட வந்தார்கள். அவன் இரண்டு கையிலும், விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை, மஞ்சளில் நனைத்துக் காயவைத்த புதுத் துணி சுற்றியிருந்தது. எனக்கு இன்னும் வேல் குத்தியிருக்கவில்லை. கிட்டே போய், "என்னா தம்பி இது?" என்றேன்.

"ரெண்டு நாளா லீவுதாண்ணே. இருந்தாலும் குடத்துல பட்டுடக் கூடாதுல்ல."

அந்தத் துணியை நானே அவிழ்த்திருக்க வேண்டும். எல்லாரும் பார்க்க அவிழ்த்திருக்க வேண்டும். பூசாரி என்னைக் கூப்பிட்டார். "சரி, சரி, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். துணி சுற்றிய கையோடு அவன் குடத்தைத் தலைக்கு ஏற்றினான். வழுக்கிவிடுமோ என்று மகள் பின்னாலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அந்த ஊர்வலத்துப் படம் ஒன்று எங்கள் வாட்சப் குழுவில் வந்தது. மஞ்சள் கையோடு பால்குடம், மேலே வெயில். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நிறையப் பேர் கும்பிடு போட்டார்கள்.

இந்த ஆண்டு பங்குனியில் கோயிலுக்குப் போனால், ஓர் இளைஞன் மஞ்சள் துணிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து பிரித்துக்கொண்டிருந்தான். நம்ம குழுவுக்கு ஓர் அடையாளம் என்றான். பால்குடம் எடுப்பவர்கள் வரிசையாக நின்று கைக்குச் சுற்றிக்கொண்டார்கள். வேணாம், கழற்றுங்க என்று நான் சொல்லத் தொடங்கினேன். "போன வருஷமே கட்டுனாங்களேண்ணே, வழக்கம்தானே?" என்று கேட்டார்கள். எங்கிருந்து வந்த வழக்கம் என்று சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். காவடி இறங்கினபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, குத்திக்கொள்ளப் போனேன்.

வேல் கன்னத்தில் ஏறி இரண்டு கோரைப்பல்லிலும் அழுத்திக்கொண்டு நின்றது. எதில் இறால் என்று அப்போது தெரியாது. இரண்டுமே வலிக்கவில்லை. பக்கத்தில் திகாம் பத்துத் தம்பி தன் கைக்குக் கட்டி முடித்துவிட்டு, குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவனுக்குக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அந்தப் புதியவன், என்னால் பேச முடியாது என்பதை மறந்து என்னிடம் கேட்டான்.

"அண்ணே, இது எதுக்குக் கட்டுறோம்?"

தம்பி முடிச்சை மெதுவாக இறுக்கினான். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணன் சொன்ன சுத்தம் தம்பி" என்றான்.

குத்தலாகச் சொல்லவில்லை. அவன் அப்படித்தான் நம்புகிறான். புதியவன் துணி சுற்றிய இரண்டு கையையும் குவித்து என்னைக் கும்பிட்டான். வாயில் வேல் இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.